நூற்றுப் பதினேழு நாள்

தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், ஜாக்கெட் துணிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த ஆலோசனை நிலையம் இருந்தது. ஏற இருபத்தேழு படிகள். முதல் மாடியில் ஒரு பல் டாக்டர். படியேறும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் சொல்வதற்கு அவர் எனக்குப் பயன்படுவார் என்று வைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பதினான்காவது படியில், அவருடைய கதவுக்கு முன்னால், ஒவ்வொரு முறையும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே போனேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம் அது. ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது; நாங்கள் வீட்டில் இன்னும் மெட்ராஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு வயது அறுபத்திரண்டு. அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று நான்கு வருஷம். குழந்தைகள் இரண்டு பேர். இருவரும் வடக்கே வேலையில் இருந்தார்கள். மயிலாப்பூரில் குளத்துக்கு மூன்றாவது தெருவில் நானும் மனைவியும் மட்டும்.

அந்த வருஷம் மே மாதம் எனக்கு வலது விலாவில் அக்கி கண்டது. மனைவி என்னை ஒரு மண்பானை செய்பவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் காவிமண்ணைக் குழைத்து மூன்று நாள் அக்கி எழுதினார். நாலாவது நாளும் எரிந்தது. பிறகு தோல் டாக்டர். அவர் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு கடுமையாக வந்திருக்கிறதே என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை முடிவைச் சொன்னார்கள்.

ஏழு வருஷம் முன்பு எனக்குப் புராஸ்டேட் அறுவை நடந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வேறு ஏதாவது வழி உண்டா என்று டாக்டர் மூன்று முறை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "சரி, எப்படி வந்ததோ வந்தது" என்று சொல்லிவிட்டு, "உங்கள் மனைவியையும் இந்த வாரமே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களுக்கும் பார்க்க வேண்டும்" என்றார்.

அந்த வாரம் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ரத்தத்தில் ஏதோ கிருமி, நரம்பில் இறங்கியிருக்கிறது, நாளாகும் என்று அவளிடம் சொன்னேன். விலா வலியைக் காரணம் சொல்லிக் கூடத்தில் தனியாகப் படுத்தேன். என் டம்ளர், தட்டு, துண்டு, சோப்பு எல்லாவற்றையும் பிரித்து வைத்துக்கொண்டேன். டம்ளர்களில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி அடையாளம் செய்தேன். இதனாலெல்லாம் பரவாது என்று நிலையத்தில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எட்டு வரி. எனக்கு மனப்பாடம். ஆனாலும் பிரித்து வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கேட்கவில்லை.

என்ன உணர்ந்தேன் என்று அந்த நாட்களைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் வேறு யாருடையதோ போல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. குளத்தைச் சுற்றி நடந்தால் எத்தனை அடி என்று எண்ணினேன். மாடவீதியில் வாழைப்பழக் கடைகளை எண்ணினேன். நாட்களையும் எண்ணினேன்.

அக்டோபர் முதல் வாரம் நிலையத்தில் இருந்து கூப்பிட்டார்கள். ஆலோசகர் முப்பது வயதுப் பெண், கைத்தறிப் புடவை, பேசும்போது பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பாள். வெளிநாட்டில் ஒரு புது முறையைச் செய்து பார்க்கிறார்கள், நாமும் செய்து பார்க்கலாம் என்றாள். புதன்கிழமை ஆறு பேர் போயிருந்தோம். ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தாள்.

"நாலு நாள். தினம் இருபது நிமிஷம். உங்க வாழ்க்கையில எது உங்களை ரொம்பக் காயப்படுத்திச்சோ, யார்கிட்டயும் சொல்லாதது எதுவோ, அதை எழுதுங்க. பேனா நிக்கக் கூடாது. எழுத ஒண்ணுமில்லேன்னா முன்னாடி எழுதின வரியையே திரும்ப எழுதுங்க. பிழை பார்க்க வேண்டாம். நாங்க யாரும் படிக்க மாட்டோம். எழுதி முடிச்சு கிழிச்சுப் போட்டாலும் சரி."

"நாலு நாளும் தொடர்ச்சியா இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"இருந்தா நல்லது சார்."

"நடுவுல ஒரு நாள் விட்டா, திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணணுமா?"

அவள் சிரித்தாள். "இன்னிக்கு முதல்ல உக்காந்து எழுதுங்க சார்."

நான் எழுதினேன். சுருக்கெழுத்தில்தான் எழுதினேன். முப்பத்தைந்து வருஷம் அதில் எழுதிய கை. யோசிக்காமல் எழுதச் சொன்னால் அது தானாக அந்தப் பக்கம்தான் போகும். இருபது நிமிடத்தில் ஒன்பது பக்கம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டோ ஓட்டுபவர், சைதாப்பேட்டைக்காரர், நாற்பதுக்குள் இருக்கும். அவர் எழுதியது பதினொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் பெருமூச்சு. மணி அடித்ததும் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெருசு, கோயி கால்ல மைய தொட்டுக்கினு நடந்தா மாறி கீது?"

"இது சுருக்கெழுத்து."

"சுருக்கமா எய்தறதுன்னா எங்கள மாறி பத்து வரில முட்ச்சிக்கணும். நீ இன்னாடான்னா நோட்டயே காலி பண்ற."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆலோசகர் என்னிடம் வந்து எப்படி இருந்தது என்று கேட்டாள். அறுவை நடந்த அன்றைய விவரம் எழுதினேன் என்றேன். எந்த அறை, கட்டிலின் எண், பாட்டில் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு. படுத்தபடியே சொட்டை எண்ணியிருந்தேன்.

"சொட்டை எண்ணினது சரி சார். அதை இப்ப எழுதும்போது என்ன தோணிச்சு?"

"ஒன்றும் தோன்றவில்லை."

"அதையே எழுதுங்க நாளைக்கு. ஒண்ணும் தோணலைங்கிறதை."

இறங்கும்போது ஆட்டோக்காரர் என்னோடு சேர்ந்து இறங்கினார். பல் டாக்டர் கதவருகே நான் வழக்கம்போல் கன்னத்தில் கை வைத்ததைப் பார்த்து, "பல்லு வேற வலிக்குதா நைனா?" என்றார். இல்லை என்றேன். கையை எடுத்துவிட்டேன்.

"ஊட்ல சொல்ட்டியா?"

"இல்லை."

"எத்தினி நாளாச்சு?"

"நூற்றுப் பதினாலு."

"நாள கரீட்டா வச்சிக்கினு கீற. வாயத்தான் காணோம்." பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "நா அன்னிக்கே சொல்ட்டேன். தொடப்பம் பிஞ்சி போச்சி. அப்பறம் அதுவே போயி ரத்தம் குட்த்திச்சி. அதுக்கும் கீது. இன்னா பண்ணுவ? சோறு ஆக்கினுதான் கீது, நானும் துன்னுகினுதான் கீறேன். சொல்லாங்காட்டி மட்டும் இல்லாம பூடுமா?"

அவர் ஆட்டோவில் மயிலாப்பூர் வரை விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பேருந்தில் வந்தேன். ஏழு நிறுத்தம்.

வியாழக்கிழமை வீட்டில், மனைவி கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போயிருந்த நேரத்தில் எழுதினேன். எட்டுப் பக்கம். டாக்டர் முடிவைச் சொன்னதை எழுதினேன். பிறகு பேனா நிற்கக் கூடாது என்பதால் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன்: அறுவைக்குப் பிறகு, அக்கி வருவதற்கு முன், அவளும் நானும் சேர்ந்திருந்தது இத்தனை முறை. அந்த எண் எனக்குத் தெரியும். நான் எதையும் எண்ணாமல் விட்டவனில்லை. ஆனால் எண் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டு, டாக்டரின் மேசை மேல் என்னென்ன இருந்தன என்று எழுதப் போய்விட்டேன்.

எழுதியதைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. எழுத்து உள்ள தாளைக் காலால் மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. ஒளித்துவைக்க இடம் தேடினேன். அலமாரியின் மேல்தட்டில் மனைவியின் பழைய சுருக்கெழுத்துப் பாடப் புத்தகம் இருந்தது, காக்கிக் காகித அட்டை போட்டு. நாங்கள் இருவரும் மயிலாப்பூரில் ஒரே தட்டெழுத்துப் பள்ளியில் படித்தவர்கள். நான் உயர்நிலைத் தேர்வில் இரண்டாம் முறை தேறினேன், அவள் முதல் முறையே தேறினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை வேலைக்கு அனுப்ப என் அப்பா சம்மதிக்கவில்லை. அதோடு அவள் பென்சிலை வைத்துவிட்டாள். முப்பத்துநாலு வருஷம். பழக்கம் விட்டால் இரண்டு வருஷத்தில் கை மறக்கும், ஐந்து வருஷத்தில் கண் மறக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். அந்தக் கணக்கில் என் நோட்டு அவள் கைக்கே கிடைத்தாலும் பாதகமில்லை. யாரும் தொடாத புத்தகம் என்று அதன் நடுவில் நோட்டைச் செருகி வைத்தேன்.

எனக்கு அன்று இருந்த கவலை வேறு. மறுநாள் வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. அன்று எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. நாலு நாள் தொடர்ச்சி மூன்றாம் நாளிலேயே அறுந்துபோகிறது. ஆலோசகருக்கு இது தெரியாதா, தெரிந்தும் ஏன் புதன்கிழமை ஆரம்பித்தாள் என்று வியாழன் மாலை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முன்னதாக ஆரம்பித்திருந்தால்கூட அறுந்துதான் இருக்கும். இரண்டு நாள் முன்னதாக, செவ்வாய்க்கு முந்தைய நாளே ஆரம்பித்திருந்தால் சரியாக இருக்கும். இப்படி விரல் விட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பூஜையில் புத்தகங்களை அடுக்குவார்கள் என்பது நினைவில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாழையிலையும் பூவும் பொரியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கொலுப்படிக்குக் கீழே மனைவி பலகை போட்டுப் புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அவள்தான் அடுக்குவாள். எதை எடுப்பாள் என்று நான் பார்த்ததில்லை. துணியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன். பதினோரு புத்தகங்கள். பஞ்சாங்கம், பாட்டு நோட்டுகள், ராமாயணம், என் ஓய்வூதியப் புத்தகம். கீழிருந்து நாலாவது, காக்கி அட்டை. நடுவில் என் நோட்டு செருகியிருந்ததால் அது மட்டும் கொஞ்சம் வாய் பிளந்து இருந்தது.

"என்னன்னா, அங்க என்ன பண்றேள்?" என்றாள் சமையலறையில் இருந்து.

"ஒண்ணுமில்லை. விளக்குல திரி சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"திரியைத் துணிக்கு அடியிலயா வெச்சிருக்கேன்?"

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. எடுக்கத் துணிந்திருப்பேன். ஆனால் அன்று வீட்டில் ஆள் ஓயவில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்கள் முப்பத்தொரு பேர். வந்தவர்களெல்லாம் அந்தப் பலகைக்கு எதிரில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு மாமி ஒரு பாட்டு முழுக்கப் பாடினாள். கடலைச் சுண்டல் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டு நான் நடையிலேயே நின்றேன். என் நோட்டு குங்குமத்துக்கும் பூவுக்கும் கீழே இருந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சு மட்டும் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

சனிக்கிழமை விஜயதசமி. காலை ஏழு மணிக்கு அவள் மறுபூஜை செய்தாள். வழக்கப்படி ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து நாலு வரி படிக்க வேண்டும், ஒரு வரியாவது எழுத வேண்டும். நான் ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கத்தில் நாலு வரி வாசித்துவிட்டு, ஒரு தாளில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். அன்றும் பஞ்சாங்கத்தை எடுத்தேன். காக்கி அட்டையை எப்படி உருவுவது என்று பார்த்துக்கொண்டே நாலு வரிக்கு நாற்பது வரி வாசித்தேன்.

"கோயிலுக்குப் போகலையா?"

"போறேன்."

"கூட்டம் சேர்ந்துடும். போங்கோ. வரும்போது கொத்தமல்லி வாங்கிண்டு வாங்கோ."

அவள் பாட்டு நோட்டைத்தான் எடுப்பாள், எப்போதும் அதைத்தான் எடுத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பிராகாரத்தை மூன்று சுற்றுக்குப் பதில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினேன். கொத்தமல்லியை மறந்துவிட்டேன்.

அவள் ஜமக்காளத்தில் சுவரோடு சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். மடியில் என் நோட்டு. விரல் வரியின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது, வலது பக்கம் போய், அடுத்த வரிக்கு இறங்கி, மறுபடியும் வலது பக்கம். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களின் விரல் அப்படிப் போகாது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை. எட்டாம் பக்கத்தில் இருந்தாள். பதினேழு முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சில இடங்களில் நின்று, நோட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

படித்து முடித்து நோட்டை மூடினாள்.

"இது மறந்திருக்கும்னு நெனச்சேளா?"

"முப்பத்துநாலு வருஷம்..."

"வருஷா வருஷம் விஜயதசமியன்னிக்கு இந்தப் புஸ்தகத்துலேருந்து ஒரு பக்கம் எழுதறேன். நான் கத்துண்ட வித்தை இது ஒண்ணுதானே. அன்னிக்கு எழுதணுமே, வேற எதை எழுதுவேன்? முப்பத்துநாலு பக்கம் ஆச்சு. அதே அலமாரியில ஒரு உறையில இருக்கு. உங்க கண்ணுல பட்டதில்லை."

நான் அந்த நேரத்தில் எல்லா வருஷமும் கோயிலில் இருந்திருக்கிறேன். எத்தனை சுற்று சுற்றினேன் என்று கேட்டால் சொல்லியிருப்பேன்.

"உங்களுக்கு உடம்புக்கு என்னன்னு இப்பதான் தெரியறது எனக்கு" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "எனக்கும் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரா?"

"சொன்னார்."

"எப்ப?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா, எத்தனை நாள்?"

"நூற்றுப் பதினேழு."

அவள் நோட்டைத் திறந்து இரண்டாம் நாள் எழுதிய பக்கத்தை எடுத்தாள். "இந்த எடத்துல கோடு போட்டு விட்டிருக்கேள். எத்தனைன்னு தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லுங்கோ."

சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. "எண்ணிண்டு இருந்திருக்கேள்" என்றாள். பிறகு, "டம்ளரைத் தனியா எடுத்து வெச்சேள். சோப்பைத் தனியா எடுத்து வெச்சேள். ஆணியால புள்ளி குத்தினேள். என்னை ஒரு நாள் கூட்டிண்டு போய் ரத்தம் குடுக்க வெக்கத் தோணலையா?"

நான் ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணினேன்.

"பதினேழு பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலோட நம்பர்கூட இருக்கு. நான் எத்தனை வரியில வரேன் தெரியுமோ? மூணு. அதுல ஒண்ணு கோடு."

எழுந்து சமையலறைக்குப் போனாள். அன்று மதியம் சாப்பாட்டில் கொத்தமல்லி இல்லாத ரசம்.

திங்கட்கிழமை இருவரும் தி.நகர் போனோம். இருபத்தேழு படியையும் அவள் எனக்கு முன்னால் ஏறினாள். ஆலோசகர் அவளோடு தனியாக நாற்பது நிமிடம் பேசினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு முறை இருவரும் சிரித்த சத்தம் கேட்டது. எதற்கென்று தெரியவில்லை. அங்கிருந்து அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றே ரத்தம் கொடுத்தாள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று நாளும் அவள் வேலைகளை வழக்கம்போல் செய்தாள். கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நான் பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தேன். பொம்மைகள் எண்பத்தாறு. இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது என்பதை நான் நூற்றுப் பதினேழு நாளில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் எந்த டாக்டர், குழந்தைகளுக்கு யார் எழுதுவது, நான் என்ன சொல்வேன், எல்லாம். இல்லை என்று வந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை.

வியாழன் காலை மழை. பரிசோதனைக் கூடத்தில் உறையை என்னிடம் நீட்டினார்கள். அவள் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். டாக்டர் உள்ளே கூப்பிட்டு விளக்கினார். நான் வெளியே நின்றேன். வா என்று அவள் சொல்லவில்லை. வெளியே வந்து, உறையை மடித்துப் பையில் வைத்து, குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். நான் நனைந்துகொண்டு கூட நடந்தேன். பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே வந்து குடையை மடக்கினாள்.

"எனக்கு இல்லை" என்றாள்.

பேருந்து வந்தது. அவள் பெண்கள் பக்கம் ஏறினாள், நான் பின்பக்கம் ஏறினேன். பேருந்தில் ஜன்னல்கள் ஒரு பக்கத்துக்கு எட்டு. மழைக்காக எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். நெஞ்சில் ஏதாவது இறங்குகிறதா, ஏறுகிறதா என்று காத்துக்கொண்டே வந்தேன். நிறுத்தம் வந்துவிட்டது. உறுதிக்காக ஜனவரியில் மறுபடி பார்த்தோம். அப்போதும் இல்லை.

அவள் கோபித்துக்கொண்டது, தனக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான். அன்று மாலை முதல் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். காலை ஐந்தரைக்குக் காபி வந்தது. புள்ளி குத்திய டம்ளர்களைக் காணோம். பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. அவள் குடிக்கும் டம்ளரிலேயே எனக்கும் கொடுத்தாள். கடைக்கு என்ன வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்தாள். கொத்தமல்லி என்று முதலில் எழுதியிருப்பாள். பத்தொன்பது நாள். நடுவில் தீபாவளி வந்து போயிற்று. தொலைபேசியில் பிள்ளைகளிடம், "அப்பா நன்னா இருக்கா" என்று என் எதிரிலேயே சொன்னாள்.

நிலையத்துக்கு நான் அதற்குள் ஒரு முறை போனேன். ஆட்டோக்காரர் கேட்டார்.

"ஊட்டுக்காரம்மாக்கு இன்னா ஆச்சு நைனா?"

"இல்லை என்று வந்துவிட்டது."

அவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "அப்பறம் ஏன்யா மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற?"

"பேசவில்லை. பதினோரு நாளாக."

"பேசாம இருக்குதுன்னா ஊட்டோட கீதுன்னு அர்த்தம். வுடு." அவர் நாலு நாளும் எழுதி முடித்திருந்தார். மொத்தம் எழுபது வரி. என்னிடம் எண்ணிக் காட்டினார். கடைசி நாள் எழுதியதைத் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டியதாகவும், அவள் பாதியிலேயே தூங்கிவிட்டதாகவும் சொன்னார்.

இருபதாம் நாள் மாலை நாலு மணி. நான் கூடத்தில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். மனைவி என் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"நாலு நாள் எழுதச் சொன்னாளாமே அந்தப் பொண்ணு. நீங்க ரெண்டு நாள்தானே எழுதியிருக்கேள்?"

"நடுவுல சரஸ்வதி பூஜை வந்துடுத்து."

"அது போய் மூணு வாரம் ஆச்சு. உட்காருங்கோ." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "முழு எழுத்துல எழுதுங்கோ. உங்களுக்குக் கை நடுங்கறது. எது மெல்லிசுக் கோடு, எது தடிமன்னு தெரியலை. படிக்கறவாளுக்குக் கஷ்டம்."

"யாரும் படிக்கக் கூடாதுன்னு விதி."

"அதான் விதிப்படி நடந்துண்டேளே எல்லாத்துலயும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்தாள். நான் எழுதினேன். முழு எழுத்தில் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. நினைப்பு முன்னால் போய் நின்று கைக்காகக் காத்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன். அவள் மனம் கஷ்டப்படுமே என்று சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று சொல்லவில்லை. எதிர்வீடு, பக்கத்து வீடு, கோயிலில் பார்ப்பவர்கள். நானே நம்பாத நோயை அவள் எப்படி நம்புவாள், என்னை வேறு மாதிரி நினைப்பாளோ. இதெல்லாம் ஒன்றரைப் பக்கம் வந்தது. பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. எழுத வேறு காரணம் இல்லை. பேனா நிற்கக் கூடாது என்பதால் கடைசி வரியையே திரும்ப எழுதினேன். மறுபடியும் எழுதினேன். மூன்றாம் முறை எழுதும்போது வேறு வரி வந்தது.

அதை இங்கே அப்படியே பிரதி செய்கிறேன்.

'அவளுக்கும் இருக்கிறது என்று ஒரு தாளில் வந்துவிட்டால், அதைக் கொடுத்தவன் நான். ரத்தம் பார்க்காதவரை கொடுத்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட, நான் குற்றவாளி என்று ஆகாமல் இருப்பது எனக்கு முக்கியமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு நாள் கிடைத்தது என்று எண்ணினேன். அதனால்தான் நாளை எண்ணினேன்.'

இருபது நிமிடம் ஆயிற்று. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். ஒன்றரைப் பக்கத்தை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள். கடைசிப் பகுதியில் நின்றாள். இரண்டு முறை படித்தாள்.

"இதைத்தான் அன்னிக்குத் தேடினேன்" என்றாள். "பதினேழு பக்கத்துலயும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. போயிருக்காது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. விலாவில், அக்கி ஆறிய வடுவின் மேல், சட்டை உரசுவது மட்டும் தெரிந்தது. பல நாளாக அதுகூடத் தெரியாமல் இருந்தது.

"இன்னும் ஒரு நாள் பாக்கி" என்றாள்.

"நாளைக்கு என்ன எழுதறது?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.